யார் தருவது, ஒய்பி?

2008 ஜூலை 15-ஆம் தேதி இரவு மலேசியாவின் வீடுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூட்டம். ஒரு பக்கம் அன்வார் இப்ராஹிம், மறு பக்கம் அன்றைய தகவல் அமைச்சர் அகமது ஷபரி சிக். விவாதத்தின் தலைப்பே ஒரு வாக்குறுதி: இன்று ஆட்சி அமைத்தால் நாளை எண்ணெய் விலை இறங்கும். அதற்கு நாற்பது நாளுக்கு முன்பு, ஜூன் 5-ஆம் தேதி, அப்துல்லா படாவி அரசு பெட்ரோலை லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்குத் தூக்கியிருந்தது. ஒரே இரவில் 78 காசு. நாடு கொதித்துக்கொண்டிருந்தது. அன்வார் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர்கூட இல்லை. ஆகஸ்டு இடைத்தேர்தலில் பெர்மாத்தாங் பாவ் தொகுதியை வென்ற பிறகுதான் அவைக்குள் போனார்.

அவர் ஆட்சி அமைக்கவில்லை. ஆனாலும் விலை இறங்கியது. டிசம்பர் நடுவில் லிட்டர் 1 வெள்ளி 80 காசு, அதாவது உயர்வுக்கு முன்பிருந்ததைவிடக் குறைவு. விவாதத்துக்குச் சில நாள் முன்புதான் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலர் என்ற உச்சத்தைத் தொட்டிருந்தது. அமெரிக்க வங்கிகள் சரிந்தபின், ஆண்டு முடிவதற்குள் அது 40 டாலருக்கும் கீழே போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். யாகம் நடந்த மறு வாரம் மழை பெய்தால் அய்யருக்குச் சால்வை போடுகிற ஊர் நாம். அந்த டிசம்பரில் அன்வார் ஆட்சியில் இருந்திருந்தால் கோலாலம்பூரின் செந்தூல் கடைத்தெருவில் அவருக்கு எத்தனை மாலை விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதினான்கு ஆண்டு கழித்து, 2022 நவம்பரில், அவர் பிரதமரானார். நிதியமைச்சும் அவர் கையிலேயே. ரோன்95 பெட்ரோல் 2 வெள்ளி 5 காசில் நின்றுகொண்டிருந்தது. மலேசியக் குடிமக்களுக்கு அது 1 வெள்ளி 99 காசானது 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி. 'நாளை' என்று சொன்ன நாள் வர 17 ஆண்டு. இறங்கியது 6 காசு. இதற்கிடையே 2024 மார்ச்சில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. அதே ஆண்டு ஜூனில் தீபகற்பத்தில் டீசல் 2.15-லிருந்து 3.35-க்குப் போனது.

இப்போது எதிர்வரிசையில் இருப்பவர்கள் பேசுகிறார்கள். 2025 ஜூலை 26-ஆம் தேதி மெர்டேக்கா சதுக்கத்தில் அன்வார் பதவி விலக வேண்டும் என்று கூட்டம் கூடியது. வாழ்க்கைச் செலவுதான் மேடையின் பெரிய ஆயுதம். மேடையில் முகைதீன் யாசினும் இருந்தார். 2014 ஏப்ரலில் ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரிச் சட்டம் மக்களவையில் நிறைவேறியபோதும், 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி அது நடப்புக்கு வந்தபோதும் துணைப் பிரதமர் அவர்தான். அன்று அந்த வரியை ஏழையின் வயிற்றில் அடிக்கும் வரி என்று திட்டித் தீர்த்தவர்கள் இன்று அமைச்சர்கள். பேச்சு அதேதான். நாற்காலிதான் மாறியிருக்கிறது.

இங்கே நிறுத்திவிட்டு 'எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை' என்று சொல்லிவிட்டுப் போகலாம். தே தாரிக் ஆறுவதற்குள் முடிகிற ஆராய்ச்சி அது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாரையும் திருடன் என்பவன் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு பக்திதான், சாமி மட்டும் கிடையாது.

நான் கேட்பது வேறு. விலைவாசியைப் பற்றி அவையில் முழங்குகிற எந்த ஒய்பியின், அதாவது மக்கள் பிரதிநிதியின், பேச்சிலும் ஒரு வரி வர வேண்டும்: இதற்கான காசை யார் தருவது? உதவித்தொகையைக் கூட்டு என்றால் எந்தப் பையிலிருந்து? வரியை எடு என்றால் வருமானத்தில் விழும் பள்ளத்தை யார் நிரப்புவது? இந்தக் கேள்வி இல்லாத விமர்சனம் விமர்சனமல்ல, வேண்டுதல். 'விலையைக் குறைத்தருள்வாய்' என்று நாடாளுமன்றத்தை நோக்கிக் கும்பிடுவதற்கும் பத்துமலையை நோக்கிக் கும்பிடுவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பத்துமலைக்குப் போகிறவராவது பால்குடத்தைத் தன் தலையில் சுமக்கிறார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024-இல் நாட்டின் பணவீக்கம் 1.8 விழுக்காடு என்றது புள்ளிவிவரத் துறை. செந்தூல் பசாரில் மீன் வாங்குகிற அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 2022-இல் உணவு விலை மட்டும் 6 விழுக்காட்டை ஒட்டி ஏறியது. அப்படி ஏறிய விலை ஏறியபடியேதான் நிற்கிறது. பணவீக்கம் குறைந்தது என்றால் ஏறும் வேகம் குறைந்தது என்று பொருள், விலை இறங்கியது என்று அல்ல. புள்ளிவிவரத் துறை வேகத்தைச் சொல்கிறது, அந்த அம்மா உயரத்தைச் சொல்கிறார். எதிர்க்கட்சி ஒய்பி இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொன்னால் நாலு பேர் தெளிவடைவார்கள். சொல்வதில்லை. 'அரசு பொய் சொல்கிறது' என்றால்தான் கைதட்டல் கிடைக்கும்.

இன்னொரு வேடிக்கை. 2008 ஜூனுக்கு முன் பெட்ரோல் 1.92. 2025 செப்டம்பர் முடிவில் 1.99. இடையில் ஏறி இறங்கி எத்தனையோ ஆட்டம் ஆடினாலும், பதினேழு ஆண்டில் நாம் அதிகம் கத்திய விலைதான் மிகக் குறைவாக நகர்ந்த விலைகளில் ஒன்று. அரசு அதைக் கையால் பிடித்து வைத்திருந்தது, பிடித்து வைத்த செலவும் நம் வரிப்பணம்தான். அந்தக் காசில் பெரும்பங்கு, பெரிய வண்டியில் பெரிய தொட்டியை நிரப்புகிறவருக்குப் போனது. கப்சாய் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்குக் கிடைத்தது சொட்டு. அதே பதினேழு ஆண்டில் வீட்டு வாடகை, ரொட்டி சானாய், பிள்ளையின் டியூஷன், பல் வைத்தியம் எல்லாம் எங்கே போய் நிற்கின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை. அவற்றுக்காக ஒருவரும் தொலைக்காட்சியில் விவாதம் வைக்கவில்லை. வாடகைக்கு எதிராக மெர்டேக்கா சதுக்கத்தில் ஒரு கூட்டமும் நடக்கவில்லை.

செந்தூலில் இது கண்ணுக்கே தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ரயில்வே பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. பட்டறைத் தொழிலாளிகளில் தமிழர் கூட்டம் பெரிது. அவர்களுக்கு லயன் வீடு, கோவில், பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் நடக்கும் தூரத்தில். அந்த ரயில்வே நிலத்தின் பெரும்பகுதியில் இன்று பூங்கா, 2005-இல் திறந்த நாடக அரங்கம், வானத்தைத் தொடுகிற அடுக்குமாடிகள். பொது நிலம் எப்படிக் கை மாறியது, அதில் எத்தனை வீடு பட்டறைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் சம்பளத்தில் வாங்கக்கூடிய விலையில் எழுந்தது என்பது விலைவாசிக் கேள்வி இல்லையா? லிட்டருக்கு 6 காசு மட்டும்தான் விலைவாசியா?

ஜிஎஸ்டி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் தந்த பெரிய வாக்குறுதி, அந்த வரியை எடுப்போம் என்பது. வென்றார்கள், ஜூன் 1-ஆம் தேதி வரி பூஜ்யம் ஆனது. செப்டம்பரில் எஸ்எஸ்டி எனும் விற்பனை சேவை வரி வரும்வரை மூன்று மாதம் வரியே இல்லாத திருவிழா. கார் வாங்கியவர்கள் கொண்டாடினார்கள். சாப்பாட்டுக் கடைப் பலகையில் விலை இறங்கியதா? உங்கள் கடையில் இறங்கியிருந்தால் நீங்கள் பாக்கியசாலி. 2017-இல் ஜிஎஸ்டி தந்த வருமானம் 4,400 கோடி வெள்ளி. எஸ்எஸ்டி அந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை. 2019-இல் பெட்ரோனாஸ் 3,000 கோடி வெள்ளி சிறப்பு ஈவுத்தொகை கொடுத்துத்தான் அரசு தன் வரித் திருப்பித்தரல் பாக்கிகளை அடைத்தது. பெட்ரோனாஸ் காசு என்பது நிலத்தடியில் கிடக்கிற எண்ணெய், நம் பேரப்பிள்ளைகளின் பங்கு. யார் தருவது என்ற கேள்விக்கு விடை இருந்தது. யாரும் அதைத் தேர்தல் மேடையில் படிக்கவில்லை.

அதைவிட மோசமான பதில் பெருந்தொற்றுக் காலத்தில் வந்தது. மக்கள் கையில் காசில்லை, சேமநிதியைத் திறந்து விடுங்கள் என்று ஆளுங்கட்சி வரிசையிலிருந்தும் எதிர்வரிசையிலிருந்தும் குரல் எழுந்தது. திறந்தார்கள். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு ஒரு சிறப்பு எடுப்பு என நான்கு சுற்றில் வெளியேறியது 14,500 கோடி வெள்ளி. பசியில் இருந்தவர் எடுத்ததைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நம் சொந்தப் பணத்தை நம்மிடமே எடுத்துக் கொடுத்துவிட்டு, அதை அரசின் பரிவு போல ஒய்பிக்கள் பேசினார்கள். நாமும் நன்றி சொன்னோம். யார் தருவது? அறுபது வயதில் கம்பி கேட்டருகே காவலாளி வேலை பார்க்கப்போகிற நீங்களே தருவது.

காசை யார் தருவது என்று சொன்ன ஒய்பிக்கள் இல்லவே இல்லையா? இருந்தார்கள். சுங்கை சிப்புட்டில் 2008-இல் அன்றைய மஇகா தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்த மருத்துவர் ஜெயகுமார் தேவராஜ் அப்படி ஒருவர். அவருடைய சோசலிசக் கட்சியோடு எல்லாவற்றிலும் நான் ஒத்துப்போவதில்லை. ஆனால் அவர் கணக்கை விரித்து வைத்துப் பேசியவர். 1988 வரை நிறுவனங்களின் லாபத்துக்கு 40 விழுக்காடு வரி இருந்தது, படிப்படியாக இறங்கி 2016-இல் 24 ஆனது. நிறுவனங்கள் விட்டுச் சென்ற அந்தப் பள்ளத்தைத்தான் நுகர்வு வரி என்ற பெயரில் மக்கள் நிரப்புகிறார்கள் என்பது அவரது வாதம். ஏற்கலாம், மறுக்கலாம். முதலீடு அண்டை நாட்டுக்கு ஓடிவிடும் என்று எதிர்வாதம் வைக்கலாம். ஆனால் அது விவாதிக்கத் தக்க பேச்சு, அதில் யார் தருவது என்ற வரி இருக்கிறது.

2018-இல் அவர் தன் கட்சியின் சின்னத்திலேயே நின்றார். வைப்புத் தொகையையும் இழந்தார். காசை யாரிடம் வாங்குவது என்று சொன்னவருக்கு டெபாசிட் போனது. வரியை எடுப்பேன், எண்ணெய் விலையை நிலைநிறுத்துவேன் என்று மட்டும் சொன்னவர்களுக்கு ஆட்சி கிடைத்தது. இதில் குற்றவாளி அரசியல்வாதியா?

செந்தூலின் கதையும் அதே தேர்தலில்தான். செந்தூலின் பெரும்பகுதி அடங்கிய பத்து தொகுதியில் பக்காத்தான் ஹராப்பான் வேட்பாளர் தியான் சுவாவின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. கட்சி உடனே, சுயேச்சையாக நின்ற 22 வயது சட்ட மாணவர் பிரபாகரனைக் கை காட்டியது. மாபெரும் பெரும்பான்மையில் ஜெயிக்க வைத்தோம். நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினர் என்று பெருமைப்பட்டோம். 2022-இல் மறுபடியும் ஜெயிக்க வைத்தோம். அவர்மேல் எனக்குக் குறையில்லை, வந்த வாய்ப்பை எடுத்துக்கொண்ட இளைஞர். ஆனால் அந்த 2018-இல், வரியை எடுத்தால் பள்ளத்தை யார் நிரப்புவது தம்பி என்று அவரிடம் நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

அதே பெயர் கொண்ட பத்து தொகுதிக்கு 1964 முதல் 1974 வரை டாக்டர் தான் சீ கூன் உறுப்பினராக இருந்தார். எதிர்க்கட்சிக்காரர் என்பதே அவருக்குப் பட்டப்பெயராகிப் போகும் அளவுக்கு எதிர்க்கட்சிக்காரர். ஆளுங்கட்சிக்காரர்களும் அவரை மதித்தார்கள், காரணம் கூச்சல் அல்ல. தாள்களோடு வருவார், எண்களோடு கேட்பார், அரசு செய்தது சரி என்றால் சரி என்றும் சொல்வார். இன்று அப்படி ஒருவர் நின்றால் 'இவர் விலை போய்விட்டார்' என்று முதல் வாட்ஸ்அப் செய்தியை அனுப்புவது நம் ஆள்தான்.

பகுத்தறிவு நமக்குப் புதிதல்ல. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார், அந்தப் பயணத்தின் வழிவந்த சங்கங்களும் படிப்பகங்களும் இந்த நாட்டில் இன்னும் உண்டு. ஆனால் நம் பகுத்தறிவு கோவில் வாசலோடு நின்றுவிட்டது. தேரை இழுப்பதால் என்ன பயன் என்று கேட்கத் தெரிந்தவர், கட்சிக் கொடியைத் தூக்கும்போது அந்தக் கேள்வியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். திருநீறு பூசாதவர் நெற்றியில் கட்சிப் பட்டை.

இரண்டு வேலை பார்த்து நள்ளிரவில் வீடு திரும்புகிறவரிடம் வரவுசெலவுத் திட்டத்தைப் படி என்று சொல்ல நான் வரவில்லை. அவருக்கு அதற்கு நேரமில்லை, இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நேரம் இருக்கிற ஆசிரியர், வழக்கறிஞர், கிளைத் தலைவர், கோவில் கமிட்டிச் செயலாளர், என்னைப் போல் பத்திரிகையில் எழுதுகிறவர், இவர்களைத்தான் சொல்கிறேன். ஒய்பி மேடையேறும்போது முதல் வரிசை நாற்காலியில் உட்காருகிறவர்கள் நாம்தான்.

குறி வைத்துக் கேட்டால் பலன் உண்டு என்பதற்கு அண்மையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் எஸ்எஸ்டி விரிவாகும் என்று அறிவித்தபோது, இறக்குமதிப் பழங்களுக்கு 5 விழுக்காடு வரி என்று பட்டியல் வந்தது. அத்தியாவசியமற்றவை என்று காரணம். ஆப்பிளும் ஆரஞ்சும் ஆடம்பரமா, ஏழை வீட்டில் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு வாங்குவது எது என்று எதிர்ப்பு எழுந்தது. ஜூன் முடிவதற்குள் ஆப்பிள், ஆரஞ்சு, மாண்டரின், பேரீச்சம்பழம் எல்லாவற்றுக்கும் விலக்கு வந்தது. (சாமிப் படத்துக்கு முன் வைக்கிற ஆப்பிளுக்கும் சேர்த்துத்தான்.) 'விலைவாசி ஏறிவிட்டது' என்று மொத்தமாகப் புலம்பியிருந்தால் இது நடந்திருக்காது. ஒரு பொருள், ஒரு வரி, ஒரு காரணம் என்று கேட்டதால் நடந்தது. டீசல் விலையேற்றத்திலும் அப்படிக் கேட்க இடமிருந்தது. சரக்கு லாரிகள் பலவற்றுக்கு அட்டையின் மூலம் பழைய 2.15 விலையிலேயே டீசல் உண்டு என்றது அரசு. அப்படியானால் 'டீசல் ஏறிவிட்டது' என்று விலையைக் கூட்டிய மொத்த வியாபாரியின் லாரிக்கு அட்டை இருந்ததா, இல்லையா? மக்களவையில் கேட்க வேண்டிய கேள்வி அது.

இன்னும் ஒரு படி கீழே போனால் வேறொன்று தெரிகிறது. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் தொழிலாளிகளின் கைக்கு வருகிற பங்கு மூன்றில் ஒன்றுதான். 2023-இல் 33 விழுக்காடு. அதைப் பத்து ஆண்டில் 45 ஆக்குவோம் என்பது அன்வாரின் மடானி அரசே எழுதிவைத்த இலக்கு. அதே 2023-இல் நாட்டின் இடைநிலை மாதச் சம்பளம் 2,602 வெள்ளி. பாதிப் பேர் அதற்கும் கீழே. விலைதான் நம்மை அழுத்துகிறது என்று நினைக்கிறோம். பாதி அழுத்தம் சம்பளத்திலிருந்து வருகிறது. விலையைக் குறை என்று கேட்பது சுலபம், யாருக்கும் கோபம் வராது. சம்பளத்தைக் கூட்டு என்று கேட்டால் முதலாளிக்குக் கோபம் வரும். அவர் கோவில் திருவிழாவுக்கு உபயம் தருகிறவராகவும் இருப்பார். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனபோது முணுமுணுத்தவர்களில் நம் கடைக்காரர்களும் உண்டு. அதே வாய்தான் மாலையில் ஏழைகளுக்காக விலைவாசியைத் திட்டியது.

செந்தூல் பட்டறைக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1962 டிசம்பரில் மலாயா ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரிசி விலையைக் குறை என்று அவர்கள் கேட்கவில்லை. நாள்கூலியை மாதச் சம்பளமாக்கு என்று கேட்டார்கள். இருபது நாளுக்கு மேல் ரயில் ஓடவில்லை. அரசு இறங்கி வந்தது. யார் தருவது என்ற கேள்விக்கு அவர்களிடம் நேரான பதில் இருந்தது: எங்களை வேலை வாங்குகிறவர் தருவது. இன்று நாட்டில் தொழிற்சங்கத்தில் இருக்கிற தொழிலாளிகள் ஆறு விழுக்காட்டை ஒட்டித்தான்.

அந்தப் பட்டறைக்காரர்களின் பேரன்கள் பலர் இன்று கிராப் ஓட்டுகிறார்கள், உணவு கொண்டுபோகிறார்கள். 2025 ஆகஸ்டு 28-ஆம் தேதி மக்களவை கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றியது. 12 லட்சம் பேரைத் தொடுகிற சட்டம். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு, வழக்காட ஒரு தீர்ப்பாயம், வருமானத்தைப் பற்றிப் பேச முத்தரப்பு மன்றம் எல்லாம் அதில் இருக்கின்றன. மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 31-ஆம் தேதி, பதினெட்டு வயதைத் தாண்டிய எல்லாருடைய மைகார்டு அடையாள அட்டையிலும் 100 வெள்ளி ஏறியது. பேரங்காடி வரிசைகள் நீண்டன, கட்டண முறை திணறியது. அந்த வாரம் நாம் பேசியதெல்லாம் 100 வெள்ளியைப் பற்றித்தான். எந்தக் கடையில் ஏற்றுக்கொள்கிறார்கள், எந்தப் பொருளுக்குச் செல்லும், பிள்ளைக்கு ஏன் இல்லை.

கிக் சட்டம் சொல்லும் அந்த முத்தரப்பு மன்றத்தில் ஓட்டுநர் தரப்பில் யார் உட்காருவார்கள், ஒரு பயணத்துக்கு ஆகக் குறைந்த கூலியை எந்தக் கணக்கில் பேசுவார்கள், பேசியதை மதிக்காத நிறுவனத்தை என்ன செய்வார்கள்? இவற்றை எழுதிக் கேட்க ஒய்பியின் சேவை மையம் இருக்கிறது. தீபாவளி அரிசிப் பைக்குப் பெயர் பதிகிற அதே மேசைதான்.